பிரகாஷைப் பற்றி யாரோ விசாரிக்கிறார்கள்

ஒரு திங்கட்கிழமை காலை. வாங்கி வந்த கோப்பியை நான் இன்னும் வாயில் வைக்கவில்லை. பிரகாஷ் வந்து என் மேசை முன்னால் நின்றான்.

"ஸ்டெல்லா அக்கா, என்னைப் பத்தி யாரோ விசாரிக்கிறாங்க."

வேறு ஆபீஸாக இருந்தால் "பெரிய ஆளாயிட்டே போ" என்று கிண்டல் செய்துவிட்டுக் கோப்பியைக் குடித்திருப்பேன். எங்கள் ஆபீஸில் அது நடக்காது. நான் வேலை பார்த்தது அரசாங்கத்தில் உளவுத் தகவல் சேகரிக்கும் ஒரு சின்னப் பிரிவில். அதன் பெயர் வேண்டாம். ஓய்வு பெற்றாலும் எங்கள் வாய்க்குப் பூட்டு உண்டு. வேலை என்னவோ சுலபமாகச் சொல்லக்கூடியதுதான். அடுத்தவனைப் பற்றி நாம் தெரிந்துகொள்வது உளவு. நம்மைப் பற்றி அடுத்தவன் தெரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்வது எதிர் உளவு. முதலாவதில் நாங்கள் கெட்டிக்காரர்கள் என்று பெயர். இரண்டாவதில் எப்படி என்பதற்குத்தான் இந்தக் கதை.

பிரகாஷ் அப்போது முப்பதைத் தாண்டியிருந்தான். அக்கம்பக்கத்தாருக்கு அவன் ஜூரோங்கில் ஏர்கான் சாமான் விற்கும் ஒரு கம்பெனியின் ஸ்டோர் சூப்பர்வைசர். இதைத்தான் நாங்கள் 'கவர்' என்போம். சுவா சூ காங்கில் அம்மாவோடு வீவக என்னும் அரசாங்க அடுக்குமாடி வீட்டில் இருந்தான். அவனுடைய புளோக்குக்கு ஓர் அம்மாள் வந்திருக்கிறார். கீழ்த்தளத்தில் திறந்தவெளியாக விட்டிருக்கும் வாய்ட் டெக்கில் உட்கார்ந்திருந்த பெரியவர்களிடம் கேட்டிருக்கிறார். மினிமார்ட்டில் கேட்டிருக்கிறார். பிரகாஷ் வெள்ளிக்கிழமைகளில் போகும் கோயிலிலும் கேட்டிருக்கிறார். கடைசியில் ஜூரோங் கம்பெனிக்கே போன் போட்டுவிட்டார்.

என்ன கேட்டார்? குடிப்பானா? கோபக்காரனா? அடிக்கடி வெளிநாடு போவானா? வீட்டுக்கு எந்நேரம் திரும்புவான்? கூடப்பிறந்தவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள்? உடம்புக்கு ஏதாவது உண்டா?

எங்கள் பாஸ் மிஸ்டர் டான் அதையெல்லாம் வெள்ளைப் பலகையில் எழுதி அம்புக்குறி போட்டார். குடி என்றால் பலவீனம். கோபம் என்றால் தூண்டிவிடலாம். கூடப்பிறந்தவர்கள் என்றால் மிரட்டலாம். வீடு திரும்பும் நேரம் தெரிந்தால் வழிமறிக்கலாம். ஓர் ஆளை மடக்கும் முன் என்னென்ன சேகரிக்க வேண்டும் என்று எங்கள் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அந்த அம்மாள் அதில் ஒன்றைக்கூட விடவில்லை.

"இந்த ஆள் புரொஃபஷனல்" என்றார் மிஸ்டர் டான். அவர் பேசியது ஆங்கிலம். நான் தமிழில் எழுதுகிறேன்.

எனக்கு அப்போதே உறைத்துவிட்டது. நான் கத்தோலிக்கப் பெண். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் அறிவிப்பு ஓலை வாசித்து, "யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லுங்கள்" என்று ஊரையே தகவல் கொடுக்கும் சோர்ஸ் ஆக்கிவிடுவார்கள். மற்ற தமிழர்கள் அதையே கால்நடையாகப் போய்ச் செய்வார்கள், அவ்வளவுதான்.

"சார், இது மாப்பிள்ளை விசாரணை மாதிரி இருக்கு லா" என்றேன்.

மிஸ்டர் டான் பிரகாஷைப் பார்த்தார். "உனக்குக் கல்யாணமா? புதிதாக யாரோடாவது பழக்கமா?"

"அப்படி யாரும் இல்ல சார்."

சொல்லும்போதே அவன் காது சிவந்துவிட்டது. அதை நானும் பார்த்தேன், மிஸ்டர் டானும் பார்த்தார். நான் 'வெட்கம்' என்று நினைத்தேன். அவர் 'எதையோ மறைக்கிறான்' என்று நினைத்தார். அன்று மாலையே பிரகாஷின் நுழைவு அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, விசாரணை முடியும்வரை வெளி அறையில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் பலகையைத் தூக்கி எறிந்திருப்பேன். சுவரில் ஆணி அடித்து வைத்திருந்தார்கள்.

தேக்காவில் முருங்கைக்காய்

அம்மாளைக் கண்டுபிடித்தாகிவிட்டது. பெயர் சரோஜா, வயது அறுபதுக்கு மேல், செங்காங்கில் வீடு. ஒரு வாரம் பின்தொடர்ந்த டீம், "எதிராளிக்குக் கண்காணிப்பை முறியடிக்கும் பயிற்சி இருக்கிறது" என்று சொல்லிவிட்டது. சனிக்கிழமை காலை என்னையும் முருகேஷையும் அனுப்பினார்கள். முருகேஷ் நல்ல பையன். ஆனால் ஆறடி உயரம், ஒட்ட வெட்டிய தலை. ஓர் அலமாரியை லிட்டில் இந்தியாவில் நடக்கவிட்டால்கூட இவ்வளவு தெரியாது. நான் காய்கறி டிராலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். டிராலி தள்ளும் ஆன்ட்டியை இந்த ஊரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் முப்பது வருட வேலை ரகசியமே அதுதான்.

சரோஜாம்மா நகைக்கடைக் கண்ணாடி முன்னால் நின்றார். கண்ணாடியில் பின்னால் வருபவர்களைப் பார்க்கிறார் என்றான் முருகேஷ். ஒரு புடவைக் கடைக்குள் போனார், வெளியே வந்தார், எதிர்க்கடைக்குப் போனார், மறுபடி முதல் கடைக்கே வந்தார். தேக்கா மார்க்கெட்டில் ஒரு வாசலில் நுழைந்து இன்னொரு வாசலில் வெளியே வந்து, சுற்றிக்கொண்டு முதல் வாசலுக்கே திரும்பினார்.

"கிளாசிக்!" என்றார் வேனில் உட்கார்ந்திருந்த மிஸ்டர் டான், என் காதுக் கருவிக்குள்.

"சார், அவங்க விலை கேட்டுப் பார்க்கிறாங்க" என்றேன். யார் காதில் விழுகிறது?

திடீரென்று முருகேஷின் குரல் கிசுகிசுத்தது. "அக்கா, டார்கெட் என்கிட்ட பையைக் கொடுத்துட்டாங்க."

"பையைத் தொடாதே!" என்று கத்தினார் மிஸ்டர் டான்.

"கையிலதான் சார் இருக்கு."

"உள்ளே என்ன?"

"முருங்கைக்கா சார். கொஞ்சம் வெத்திலையும் இருக்கு."

நடந்தது இதுதான். சரோஜாம்மா சட்டென்று திரும்பி, "தம்பி, காலையிலேர்ந்து என் பின்னாடிதானே வர்றே? சும்மா வர்றதுக்கு இதைப் பிடி" என்று பையை நீட்டியிருக்கிறார். முருகேஷை அவன் அம்மா நல்லபடியாக வளர்த்திருந்தார். வாங்கிக்கொண்டான். பஸ் நிறுத்தம்வரை தூக்கிக்கொண்டே நடந்தான். அதற்குள் நான் வேனுக்குத் திரும்பி, அவனுடைய மைக் வழியாக அவர் பேசியதையெல்லாம் மிஸ்டர் டானுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எங்க அண்ணன் பொண்ணு நிவேதாவுக்கு சுவா சூ காங்ல ஒரு பையனைப் பாத்திருக்கோம். ரெண்டு பேரும் பாத்துப் பேசியாச்சு, அவளுக்கும் பிடிச்சிருக்கு. சரி, நாலு இடத்துல கேப்போம்னு கிளம்பினேன். கிளம்பினதுலேர்ந்து உன்ன மாதிரி தடித்தடி ஆளுங்க பின்னாடியே வர்றாங்க. ஏர்கான் சாமான் எண்ணுறவனுக்கு எதுக்குப்பா இத்தனை காவல்? ஏதோ கேங் போல. வேணாம்னு இன்னிக்கே அண்ணன்கிட்ட சொல்லிடப்போறேன். நீ யாரா இருந்தாலும் உன் முதலாளிகிட்ட போய்ச் சொல்லு. ஆமா, உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இன்னும் இல்ல ஆன்ட்டி" என்றான் அந்த மடையன்.

வேனில் மிஸ்டர் டான் தலையை ஆட்டினார். "அருமையான கவர் ஸ்டோரி. எவ்வளவு நுணுக்கம்!"

"சார்!" என்றேன். என் குரலைக் கேட்டு டிரைவரே திரும்பிப் பார்த்தார். "அது கவர் ஸ்டோரி இல்ல. அது அத்தை!"

ஒரே பாட்டு

ஆபீஸுக்கு வந்ததும் பிரகாஷைத் தேடினேன். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். அம்மா போன் செய்து பெண் வீட்டில் வேண்டாம் என்றுவிட்டதைச் சொல்லியிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"ஏன்டா முட்டாள், அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"எப்படிக்கா சொல்றது? ரெண்டு பேருக்கும் பிடிச்சுப்போச்சு, தினமும் மெசேஜ் பண்றோம். இந்தக் காலத்துல இதுக்கு மேல யார் விசாரிக்கப்போறாங்கன்னு நெனச்சேன். அப்புறம் நீங்க சொன்னப்பதான் புரிஞ்சுது. ஆனா அவங்க வீட்ல இன்னும் சரின்னே சொல்லல. அந்தப் பொண்ணு பேரை நான் சொன்னா சார் போர்டுல எழுதுவாரு. எழுதினா ஃபைல் திறப்பாங்க. அவளுக்கு எதுக்குக்கா ஃபைல்?"

வேலை போனாலும் போகட்டும் என்று பெண்ணின் பெயரைக் காப்பாற்றியிருக்கிறான். இவனையா சந்தேகப்பட்டோம்?

மிஸ்டர் டானிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை அவர். நுழைவு அட்டையை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டார். அதோடு நிறுத்தியிருந்தால் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பேன். "நாம் கெடுத்ததை நாமே சரிசெய்வோம்" என்று ஆபரேஷன் ஒன்றைத் தொடங்கினார். பிரகாஷின் கூட வேலை செய்பவர், கோயில் நண்பர், பழைய பள்ளித் தோழன் என்று ஆட்களைத் தயார்செய்து சரோஜாம்மா போகிற வழியில் எல்லாம் நிறுத்தினார். என்ன பேச வேண்டும் என்று பிரீஃபிங் வேறு. பொறுப்பானவர். குடும்பத்தின் மேல் பாசம். எந்நேரம் கூப்பிட்டாலும் உடனே ஓடி வருவார்.

இரண்டே நாளில் சரோஜாம்மா பிரகாஷின் அம்மாவுக்குப் போன் போட்டார். "ஒருத்தன் நல்லவன்னு சொன்னா நம்பலாம். எல்லாரும் ஒரே பாட்டை ஒரே ராகத்துல பாடுறாங்க. யாரோ சொல்லிக்கொடுத்திருக்காங்க. எங்கள விட்ருங்க."

பல வாய்கள் ஒரே செய்தியைச் சொன்னால் அது பல சோர்ஸ் ஆகிவிடாது, பின்னால் இருக்கும் ஒரே ஆளைத் தேடு என்று புது ஆட்களுக்கு வகுப்பெடுத்ததே நாங்கள்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

செங்காங் கோப்பிக் கடை

எனக்குப் பொறுக்கவில்லை. மிஸ்டர் டானிடம், "சார், நான் போறேன். வேன் வேணாம், மைக் வேணாம், நீங்களும் வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சரோஜாம்மா புளோக்குக்குக் கீழே கோப்பிக் கடையில் இருந்தார். பக்கத்தில் ஒரு பெண் தாதி சீருடையோடு மீ கோரெங் நூடுல்ஸை அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நிவேதா. மருத்துவமனையில் அவசரப் பிரிவில் வேலை. ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"நான் பிரகாஷ்கூட வேலை பாக்குறேன். அவனுக்கு மேல உள்ளவ" என்றேன்.

"வாங்க. நீங்களும் நல்லவன்னு சொல்ல வந்தீங்களா?"

"இல்லம்மா. அவன் ஒரு அழுத்தக்காரன். காருக்குள்ள உக்காந்தா குறட்டை விடுவான். பசிச்சா அடுத்தவங்க டப்பாவத் திறந்து சாப்பிட்டுட்டு, கேட்டா சிரிப்பான். வேலையைப் பத்தி வீட்ல வாயே திறக்க மாட்டான். அது திருட்டு வேலை இல்ல, கேங் இல்ல. என் சாமி மேல சத்தியம். அதுக்கு மேல கேக்காதீங்க, நானும் சொல்ல மாட்டேன்."

சரோஜாம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நாளைக்கு இவளுக்கு ஒரு அவசரம்னு கூப்பிட்டா, உடனே ஓடி வருவானா?"

வருவான் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. என் இரண்டாவது பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் இருந்தது என் மாமியார். மாமியார் செத்தபோது நான் எங்கேயோ ஒரு கார் பார்க்கில் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பெண்ணிடம் என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"வர மாட்டான்மா. பல நாள் வர முடியாது" என்றேன்.

சரோஜாம்மாவின் முகம் இருண்டுவிட்டது. கெடுத்துவிட்டோமே என்று நினைத்தேன். நிவேதா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முதல்முறையாக என்னைப் பார்த்தாள்.

"நிஜமா வர மாட்டாரா ஆன்ட்டி?"

"மாட்டான்மா."

"அப்ப எனக்குச் சரி அத்தை" என்றாள். "எல்லாரும் உடனே ஓடி வருவார், ஓடி வருவார்னு சொன்னதுலதான் எனக்குப் பயமே. ஓடி வர்றவர் என்னையும் ஓடி வரச் சொல்வாரு. உயிருக்குப் போராடிட்டுக் கெடக்குறவங்கள விட்டுட்டு நான் எப்படி வருவேன்?"

சரோஜாம்மா அங்கேயே போனை எடுத்து, அண்ணனிடம் சரி என்று சொல்லிவிட்டார்.

வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் எங்களுக்கு என்ன பாடம் சொல்வீர்கள் என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன். தகவல் சேகரிக்கக் கிளம்பும் முன் அது யாருக்கு வேண்டும், அவருக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேள். பலகை முழுக்க அம்புக்குறி போட்டோம், ஒரு வாரம் பின்தொடர்ந்தோம், முருங்கைக்காய் சுமந்தோம். அத்தையும் ஊரெல்லாம் அலைந்தார். வாழப்போகிற அந்தப் பெண்ணிடம் "உனக்கு என்னம்மா தெரியணும்?" என்று மட்டும் எங்களில் ஒருத்தரும் கேட்கவில்லை.