கிரேக்கக் கடலுக்கு எந்த மாதம்?

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குகநேசனுக்குக் கிரேக்கத்தின் கிறீற் தீவுப் பயணமே பெரிய தலையிடியாகிவிட்டது. மனைவி சிவரூபினி கேட்டது கடற்கரையில் ஒரு கிழமை விடுமுறைதான். எந்த மாதம் நல்லது என்று ஆராயத் தொடங்கியவர் இரண்டு கோடைகளைக் கடத்திவிட்டார்.

ஜூனில் வெயில் உண்டு, ஆனால் கடல் இன்னும் சூடேறியிராதாம். ஒக்டோபரில் கடல் வெதுவெதுப்பு, ஆனால் மழை வரலாமாம். ஓகஸ்டில் இரண்டும் சரி, ஆனால் கோயிலில் தேர்த் திருவிழா வந்துவிடும். போய்வந்தவர்கள் செப்டம்பர்தான் திறம் என்றார்கள். அதில் புரட்டாசிச் சனி விரதம் தொடங்கிவிடும். கடற்கரைக்குப் போய் மரக்கறியா சாப்பிடுவது?

"வெயில் கொளுத்தேக்க கடல் குளிருது, வெயில் தணியேக்க கடல் சுடுது. இதென்ன கடலப்பா!" என்று போனைத் தடவியபடியே எரிந்து விழுந்தார்.

சிவரூபினி தேத்தண்ணியை மேசையில் வைத்தாள்.

"இஞ்சேருங்கோப்பா, நான் கடலுக்க இறங்கவே போறதில்லை. நீங்கள் இந்தப் போனை விட்டிட்டு, ஒரு கிழமை என்னோட கதைச்சுக்கொண்டு இருக்கவேணும். அதுக்கு எது நல்ல மாதம்?"

குகநேசன் கையிலிருந்த போனிலேயே அதையும் தேடத் தொடங்கினார்.