செல்வநாயகியும் ஹாமர்லியும்

ஒரு பிஸ்டலைப் பார்த்துக் கைகூப்புகிறவனைப் பைத்தியம் என்பீர்களானால், நானும் பைத்தியம்தான். வேப்பூரில் ஓட்டல் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கல்லாவை மனைவியிடம் விட்டுவிட்டு, விருத்தாசலத்துக்கு வெளியே இருக்கும் எங்கள் சுடும் கிளப்புக்கு ஓடிவிடுவேன். எல்லாம் அந்த ஹாமர்லிக்காக.

ஸ்விட்சர்லாந்தில் செய்த பழைய பிஸ்டல் அது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னக் குண்டு. ஆளை மிரட்டுகிற சத்தமெல்லாம் கிடையாது. குறி பார்த்து அட்டையில் சுடுவதற்கென்றே செய்தது. மரக் கைப்பிடி உள்ளங்கையில் தானாகப் போய் உட்காரும். ட்ரிக்கர் இருக்கிறதே, அழுத்துகிறோம் என்று விரலுக்கே தெரியாது. பயிற்சி முடிந்ததும் வெள்ளைத் துணி விரித்து, அதை நடுவில் வைத்து, சுற்றி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பார்ப்போம். பார்ப்பதோடு சரி. மாநிலப் போட்டிக்குத் தேர்வாகும் ஒருவருக்குத்தான் அந்த வருஷம் அதைச் சுடும் பாக்கியம்.

2006இல் அந்த ஒருவர் செல்வநாயகி. பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மைகளைச் சூளைக்கு அனுப்பும் பிரிவில் வேலை. ஸ்கூலில் என்.சி.சி.யில் ரைபிள் பிடித்தவள். கிளப்பின் சாதாரண பிஸ்டலை வைத்துக்கொண்டே எங்கள் அத்தனை பேரையும் ஓரங்கட்டிவிட்டாள். மெடலைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை. "ஒரு வாட்டி அதுல சுட்டுப் பாக்கணும்ண்ணே, அது போதும்" என்பாள்.

அன்று காலைதான் மழை விட்டிருந்தது. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆனந்தராஜ்தான் எங்கள் ரேஞ்ச் அதிகாரி. ஹாமர்லியைத் துடைத்து அவளிடம் நீட்டினார். செல்வநாயகி இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கிய வேகத்தில் தூக்கித் தன் கன்னத்தில் வைத்தாள்.

பச்சைப் பொம்மை காய்ந்துவிட்டதா என்று பீங்கான்காரர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். கன்னத்தில் சில்லென்று பட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது, சூளையில் வெடித்துவிடும். கை தன் வேலையைச் செய்துவிட்டது. ஆனால் குழல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கீழ வையும்மா!" என்று ஆனந்தராஜ் போட்ட சத்தத்தில் எனக்கு உயிரே போய்விட்டது.

உள்ளே குண்டு இல்லை. இருந்தாலும் குழல் குறியை விட்டு விலகினால் அந்த வருஷம் சுட முடியாது என்பது எங்கள் கிளப் சட்டம். நாங்கள் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டு, பழக்கதோஷம் சார், விட்டுடுங்க சார் என்று கெஞ்சினோம். கல் மாதிரி மனுஷன், அவரே இளகிவிட்டார்.

செல்வநாயகி இளகவில்லை. "வாணாம் சார். வருசக்கணக்கா பழவுன கை இது. போட்டியிலயும் தூக்கிடும். அடுத்த வருசம் நானே வந்து கேக்கறேன்" என்றாள். எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று எனக்குத் தெரியும்.

அந்த வருஷம் ஹாமர்லியோடு போட்டிக்குப் போனது நான். என்ன இடம் வந்தேன் என்பதைப் பற்றிப் பேச வேண்டாம்.

அவள் அந்த வருஷம் முழுக்க ஒரு பொம்மையையும் கன்னத்தில் வைக்கவில்லை. புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். முதலில் கணக்குத் தப்பிச் சில பொம்மைகள் வெடித்து, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். கூட வேலை பார்த்த ராஜாம்பாள், "என்னாடி, கன்னத்துல பருவா?" என்று கேலி செய்தாளாம். வேலைக்கு உலைவைத்துக்கொண்டு ஒரு பழக்கத்தை விட முடியுமா? என்னால் பீடியைக்கூட விட முடியவில்லை.

மறு வருஷமும் அவள்தான் தேர்வானாள். ஆனந்தராஜ் ஹாமர்லியை நீட்டினார். வாங்கினாள். நாங்கள் அவள் கையையே பார்த்தோம். கை குறியை விட்டு இம்மியும் விலகவில்லை. நின்று நிதானமாகச் சுட்டாள். முதல் குண்டே அட்டையின் நட்டநடுவில் போய் விழுந்தது. கைதட்டக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

எல்லாக் குண்டும் தீர்ந்ததும் மேகசினைக் கழற்றினாள். குழல் குறியைப் பார்த்திருக்கும்படி பிஸ்டலை மேசைமேல் வைத்தாள். சுடுகிறவர் நிற்கும் கோட்டைத் தாண்டிப் பின்னால் வந்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.