மிதியடிக்கு அடியில் ரூலினா

ரூலினா இன்றும் யாரோ ஒருவர் வீட்டு மிதியடிக்கு அடியில்தான் இருந்தார். வாசலில் மிதியடியை ஒதுக்கி, அதன் கீழிருந்த மரமூடி திறந்து கிடந்தது. தரைக்குக் கீழே, தவழ மட்டுமே இடமுள்ள இருட்டிலிருந்து குரல் மட்டும் மேலே வந்தது.

"யாருப்பா மேல குதிக்கிறது? மண்ணு பூரா கண்ணுல விழுது!"

வாழ்நாளெல்லாம் நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் அந்தத் தெருக்காரர்களில் பாதிப் பேரைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டது அவர்தான். ஓய்வு பெற்றபின் தெருவின் வெப்பக் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்து, அதே ஆட்களை வீட்டைச் சூடாக்கும் எரிவாயுவிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். வாய்க்கால் நீரின் வெதுவெதுப்பை எடுத்து, இயந்திரத்தில் இன்னும் சூடாக்கி, ஒட்டிக் கட்டிய வீடுகளின் அடியில் ஒரே குழாயாக ஓட்டுவது திட்டம். அதற்கு வழி பார்க்கத்தான் இந்தத் தவழல். யார் வீட்டுக்குப் போனாலும் வணக்கத்துக்கு முன் அவர் கை அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைத் தொட்டுவிடும். "இந்தக் கொதி கொதிக்குதே, முட்டை வச்சு குஞ்சு பொரிக்கிறீங்களா?"

வரிசையின் நடு வீடு ஹைகோவுடையது. அவர் இணங்காமல் குழாய் மறுபக்கம் போக முடியாது. சங்கத்தில் ஓட்டெடுப்பு கிடையாது. கடைசி ஆட்சேபமும் தீரும்வரை பேசுவார்கள். ஹைகோ ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை. காபியைக் குடித்து முடித்துவிட்டு ஆட்சேபிப்பார்.

"வாத்து குளிச்ச தண்ணில நான் குளிர் காயணுமா?"

"யோவ், உன் காலைப் பார்த்தா வாத்துதான்யா ஆட்சேபம் சொல்லும்," என்பார் ரூலினா.

பிப்ரவரியில் ஹைகோ இறந்தார். வீடு மகள் இம்காவுக்கு வந்தது. அவள் வெப்பப் பொறியாளர். சங்கத்தின் கணக்கை ஒருமுறை சரிபார்த்தாள், பிழை இல்லை. அதுதான் தொல்லை. சம்மதம் சொன்னால் அப்பாவின் கொதிகலனும் எரிவாயு அடுப்பும் போய்விடும். காலையில் அந்த அடுப்பைப் பற்றவைப்பாள். மேலே எதையும் வைக்கமாட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அணைப்பாள்.

துக்கம் கேட்க வந்த ரூலினா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டார். "உங்கப்பா இல்லாம தெருவே வெறிச்சுனு இருக்குடி. ரொம்பக் கஷ்டம். குழாய்க்கு என்ன சொல்றே?"

"தெரியல, ரூலினா."

"சரி, யோசி. வேகமா யோசி. அடுத்த குளிருக்குள்ள போடணுமில்ல?"

செப்டம்பர் கூட்டத்துக்கு இம்கா போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். தலைவர் வழக்கம்போலக் கேட்டார்: "யாருக்காவது ஆட்சேபம்?" எவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் அடுத்த விஷயத்துக்கும் எவரும் நகரவில்லை. இருந்தவர்கள் அத்தனை பேரும் காபிக் கோப்பையைப் பிடித்தபடி காத்திருந்தார்கள். எதற்காக என்று சற்றுப் பொறுத்துத்தான் அவர்களுக்கே விளங்கியது.

ரூலினா எழுந்தார். மூக்கை உறிஞ்சினார். ஹைகோவின் கட்டைக் குரலில் சொன்னார்: "வாத்து குளிச்ச தண்ணி!"

யாரோ சிரித்தார்கள். பிறகு அறையே சிரித்தது. "ஆட்சேபத்தைக் குறிச்சுக்குங்க," என்றார் ரூலினா, தலைவரிடம் படு கண்டிப்பாக. "பதிலைப் பொண்ணு சொல்லட்டும்."

இம்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வாத்தை அப்புறம் பார்த்துக்கலாம். குழாய் போடுங்க," என்றாள்.

குழாய் வந்தது. எரிவாயுவைத் துண்டிக்கும் நாளில் ரூலினா தெருவை விரட்டி விரட்டி வேலை வாங்கினார். வண்டியில் வந்த ஆளை ஒரு வீட்டிலும் நிற்க விடவில்லை. "காபி அப்புறம். நட, நட! இருட்டுறதுக்குள்ள இந்தப் பக்கம் முடியணும்."

நடு வீட்டுச் சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இம்கா அதன் முன் நின்றாள். ரூலினா எட்டிப் பார்த்தார்.

"ஆள் வந்தாச்சு."

"வர்றேன்," என்றாள் இம்கா. திரும்பவில்லை. கை குமிழ் வரை போய் நின்றது.

ரூலினா சத்தமில்லாமல் வாசலுக்கு வந்தார். கருவிப்பெட்டியோடு படியேறிய ஆளுக்கு வழிவிடாமல் நிலைப்படியில் அகலமாக உட்கார்ந்தார்.

"என்னம்மா, நேரமாச்சுன்னு நீங்கதானே விரட்டினீங்க?"

"பொறு தம்பி. பூட்ஸ் கடிக்குது."

வலது காலின் நாடாவை அவிழ்த்தார். துளைகள் அத்தனையிலிருந்தும் அதை முழுக்க உருவி எடுத்து, மடிமேல் வைத்து நீவினார். பிறகு அடித்துளையிலிருந்து நிதானமாகக் கோக்கத் தொடங்கினார்.