நாடு: நெல்லிவாசல்நாடு

எங்கள் மலையில் நாடுகள் நிறைய. பத்துப் பன்னிரண்டு குக்கிராமங்கள் சேர்ந்தால் ஒரு நாடு என்பது ஜவ்வாது மலைக் கணக்கு. என் பெரியம்மாவைப் பக்கத்து நாட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பெரியப்பாவோடு சண்டை என்றால் காலையில் அந்த நாட்டைவிட்டுக் கிளம்பி, மதியச் சோற்றுக்கு எங்கள் நாட்டுக்கு வந்துவிடுவாள். ஒன்பது வயதுவரை எனக்குத் தெரிந்த வெளிநாட்டுப் பயணம் அது ஒன்றுதான்.

அப்பா மட்டும் நிஜமாகவே தொலைவில் இருந்தார். சென்னையிலிருந்து மகாபலிபுரம் போகிற சாலையில், கடலை ஒட்டிய பங்களாக் காலனி ஒன்றில் ஒரு முதலாளிக்குக் கார் ஓட்டினார். மாதம் ஒரு முறை வாணியம்பாடி வந்து, ஆலங்காயம் வந்து, ஷேர் ஜீப்பில் தொங்கிக்கொண்டு மேலே வந்து சேர்வார். இரண்டு நாள் இருப்பார். மற்ற நாட்களில் பள்ளிக்கூடத்துக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று அவரோடு பேசுவோம். எனக்கு அப்பா வேண்டும், தினமும் வேண்டும். அப்போது எனக்கிருந்த ஒரே குறை அதுதான்.

அந்த மே மாதம் அப்பா பெரிய செய்தியோடு வந்தார். முதலாளி வீட்டுக்குப் பின்னால் இருக்கிற குவாட்டர்ஸ் காலியாகிவிட்டது. குடும்பத்தோடு வந்து தங்கிக்கொள்ளலாம். பக்கத்திலேயே நல்ல பள்ளிக்கூடம், முதலாளியம்மாவே சொல்லி இடம் வாங்கித் தருவார்.

"அங்க இருந்தா நம்ம பொண்ணு எங்கியோ போய்டும்" என்றார்.

அம்மா சாமையைப் புடைத்துக்கொண்டே, "போய்ப் பாத்துட்டு வந்து சொல்லலாம்" என்றாள். அந்தக் குரலிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் கண்டுபிடிக்க முயலவும் இல்லை. கார் ஓட்டுகிற அப்பாவுக்குப் பட்டணம்தான் பிடிக்கும், கடுக்காய் பொறுக்குகிற அம்மாவுக்கு மலைதான் பிடிக்கும் என்று நானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன்.

ஒரு வாரம் தங்கிப் பார்க்கப் போனோம். காலனி வாசலில் வாட்ச்மேன் நோட்டில் எங்கள் பெயரை எழுதிக்கொண்ட பிறகுதான் உள்ளே விட்டார். தெருவெல்லாம் சுத்தம், மனிதர்களைத்தான் காணோம். காலையில் நாய்கள் வெளியே வரும், அவற்றின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். முதலாளி வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் கடல் தெரிந்தது. எங்கள் குவாட்டர்ஸிலிருந்து பார்த்தால் மதில் தெரிந்தது. கடலின் சத்தம் மட்டும் பாரபட்சமில்லாமல் இரண்டு வீட்டுக்கும் கேட்டது.

அப்பா அங்கே வேறு ஆளாக இருந்தார். மலையில் அவர் இரண்டு வளைவு தள்ளி வரும்போதே சீட்டிச் சத்தம் கேட்டுவிடும். இங்கே வாயைத் திறக்கவே யோசித்தார். என்னை "ஏய், வா" என்று கூப்பிட்டவர் முதலாளி வீட்டு நாயை "வாம்மா" என்றார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. அம்மாவோ போய் இறங்கியதும் குளியலறைக் குழாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள். ஓடையிலிருந்து தினமும் எட்டுக் குடம் சுமக்கிறவள் அவள். குழாய் ரிப்பேரா என்று கேட்டேன்.

"இல்ல. நல்லா வருது" என்றாள்.

நான்காம் நாள் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். தலைமையாசிரியை தன்மையான மனுஷி. சேர்க்கைப் படிவத்தில் ஆங்கிலத்துக்குக் கீழே தமிழிலும் அச்சடித்திருந்தார்கள். "உன் கையாலேயே எழுது பார்க்கலாம்" என்று என்னிடம் கொடுத்தார். என் பெயரை எழுதினேன். அப்பா பெயர், அம்மா பெயர் எழுதினேன். அடுத்து 'நாடு' என்றிருந்தது. பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் இவ்வளவு சுலபமாகக் கேட்கிறார்களே என்று குண்டு குண்டாக எழுதினேன்: நெல்லிவாசல்நாடு.

அதைப் படித்துவிட்டு அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அந்த நாட்டுக்குப் போக விசா வேணுமா?" பக்கத்திலிருந்த கிளார்க்கும் சேர்ந்து சிரித்தார். "இந்தியான்னு எழுதணும்மா" என்றார் தலைமையாசிரியை.

"இந்தியா எல்லாருக்கும்தான மிஸ்? எங்க நாடு இதான்" என்றேன்.

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. என் கையிலிருந்து பேனாவை வாங்கினார். சீட்டு போச்சு, என்னால்தான் போச்சு, இனி அப்பா மாதத்துக்கு இரண்டு நாள்தான் என்று முடிவுகட்டிவிட்டேன். ஆனால் அடித்துத் திருத்தப் போன பேனா காகிதத்தைத் தொடாமலே நின்றது.

"மேடம், பொண்ணு தப்பா ஒண்ணும் எழுதலீங்க" என்றார் அப்பா. "எங்க ஊரு அதாங்க. ஆலங்காயத்துலேர்ந்து மேல போவணும். பாதி ஏறும்போதே காத்து மாறிடுங்க..."

அப்புறம் நிறுத்தவே இல்லை. எந்த வளைவில் ஜீப் முக்கும், எந்த மரத்துப் பலா தேனாக இனிக்கும், மழை பிடித்தால் எந்த ஓடை பாதையை மறிக்கும் என்று அந்த ஏசி அறையில் பாதி மலையை இறக்கி வைத்தார். இத்தனை வருடத்தில் பட்டணத்தில் யாருமே அவரிடம் கேட்காததை எல்லாம் சொன்னார். தலைமையாசிரியை சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல அப்பாவின் குரல் மலையில் இருக்கும்போதுபோல உயர்ந்துகொண்டே போனது. அம்மா வைத்த கண் வாங்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீட்டு கிடைத்துவிட்டது. நெல்லிவாசல்நாட்டுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு இந்தியாவையும் சேர்த்துக்கொண்டார்கள்.

தெருவுக்கு வந்ததும் அம்மா சொன்னாள். "நாங்க இங்க வரல. நீங்க ஊருக்கு வந்துடுங்க."

அப்பா நின்றுவிட்டார். "இன்னா சொல்ற? உனுக்கு இங்க புடிக்கலியா?"

"காத்தெல்லாம் உப்பு. தல நோவுது எனுக்கு. நம்ம ஊர்ல ஜீப்பு ஓட்டுனா சோறு கெடைக்காதா இன்னா?"

 சாலையைத் தாண்டும்போது அப்பா மெதுவாகச் சீட்டியடித்தார். அம்மாவின் தலைவலிக்காக அப்பா பட்டணத்தையே விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று மாதத்தில் அவர் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். இன்றுவரை ஆலங்காயத்துக்கும் மலைக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறார். தினமும் அப்பா கிடைத்தார். அதைவிட எனக்கு வேறென்ன வேண்டியிருந்தது?

இப்போது எனக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. போன வாரம் ஒரு வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுத்தேன். சின்ன வீடுதான், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். போனில் அம்மாவிடம் சொன்னதும், "சாம அறுப்பு முடிஞ்சதும் வர்றேன். ஒரு மாசம் இருப்பேன், சொல்லிட்டேன்" என்றாள். உப்புக் காற்றைப் பற்றியும் தலைவலியைப் பற்றியும் மூச்சே விடவில்லை. போனை வைத்த பிறகு, அந்த மே மாதம் நாங்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலத்தை நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை.

அன்று கடற்கரைக்குப் போயிருந்தோம். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் போய் நின்றாள். வெகுநேரம் நின்றாள். அப்பா இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார்.

"மெட்டி வுழுந்துடுச்சு. தேடிட்டு வர்றேன்" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

நான் பதறிப்போய், அலை விட்டுப் போன இடமெல்லாம் மணலைக் கிளறித் தேடினேன். அம்மா ஒரு முறைகூடக் குனியவில்லை. எதிரே பார்த்தபடியே நின்றிருந்தாள். வெளிச்சம் குறைய ஆரம்பித்த பிறகுதான் கரையேறினாள். கண்கள் சிவந்திருந்தன. உப்புத் தண்ணீர் பட்டால் அப்படித்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் காலைப் பார்த்தேன். இரண்டு காலிலும் மெட்டி இருந்தது.

"கெடச்சிடுச்சு! அம்மாவுக்குக் கெடச்சிடுச்சு!" என்று கத்திக்கொண்டே அப்பாவிடம் ஓடினேன்.