ஒரு டன் போதும் என்றேன்

“ஒண்டிக்கட்டைக்கு எதுக்கு ஒன்றரை டன்?” என்று வாதாடியது நான்தான். மும்பை செம்பூரில் மூன்றாவது மாடியில் என் வீடு. படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு. ஏசிக்கு அளவெடுக்க வந்தவர் தாராவிக்காரர், திருநெல்வேலிப் பேச்சு. டேப்பைச் சுருட்டிவிட்டு மேற்கு ஜன்னலைக் காட்டினார்.

“வெயிலு நேரா உள்ள அடிக்கும்மா. ஒன்றரை டன்னு போட்டாத்தான் தாங்கும். ஜன்னல அடைச்சு, கெட்டியா பர்தா, அதாம்மா திரை, போட்டீங்கன்னா ஒரு டன்னு போதும். ஆனா பகல்லயும் தொறக்கப்படாது.”

“பர்தா போட்டுக்கறேன். ஒரு டன்னே கொண்டாங்கோ” என்றேன். முப்பது வருஷம் ஆபீசில் கொட்டேஷன் பார்த்தவள் என்ற திமிர்.

அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே எங்கள் கட்டடத்தின் அடுத்த விங்கில் ஒரு வீட்டின் ஹால் ஜன்னல். எனக்கு மகள் இருந்திருந்தால் அந்த வீட்டுக்காரியின் வயதுதான் இருக்கும். நாலு மணியானால் கீரையும் தட்டுமாக வந்து உட்காருவாள். “மாமி, சாய் ஆச்சா?” என்பாள், டீ குடித்தாயிற்றா என்று. எட்டு வருஷப் பழக்கம். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை. ஃபோன் நம்பர்கூட வாங்கிக்கொண்டதில்லை. அவள் மாமியாரின் சர்க்கரை, என் முழங்கால் எல்லாமே ஜன்னல் வழியாகத்தான். சில நாள் நான் வாய் திறந்து பேசிய பேச்சே அது ஒன்றுதான்.

ஏசி வந்தது. அறை ஜில்லென்று ஆனது. என் கணக்கு தப்பவில்லை. ஆனால் கீழே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் சத்தம்கூட உள்ளே வரவில்லை. நாலு மணிக்குத் திரைக்குப் பக்கத்தில் போய் நிற்பேன், திறக்க மாட்டேன். மாமியைக் காணோமே என்று அவளே தேடி வரட்டும் என்ற வீம்பு. பால்காரரும் கூரியரும்தான் மணியடித்தார்கள். இரண்டு வாரம் ஆனது. எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

மூன்றாவது வாரம் ஸ்டேஷன் பக்கத்துக் காய்கறிக் கடையில் அவளைப் பிடித்துக்கொண்டேன். “என் ஜன்னல் மூடியே கிடக்கு. இருக்காளா, போயிட்டாளான்னு எட்டிப் பாக்க மாட்டியோ?”

அவள் முகம் வெளுத்துவிட்டது. “நீங்களும் மூடிட்டேளா? எனக்குத் தெரியவே தெரியாது மாமி. நாங்களும் ஏசி போட்டு ஜன்னல அடைச்சுட்டோம். மாமி கோச்சுண்டிருப்பாளேன்னு நான்தான் பயந்துண்டிருந்தேன்.”

“எத்தன டன்?” என்றேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

“ஒண்ணுதான். பர்தா போட்டா போதும்னு அளவெடுக்க வந்த தாராவிக்காரர் சொன்னார்.”

அதே தாராவிக்காரர்.

அங்கேயே நின்று நம்பர் வாங்கிக்கொண்டோம். இன்றுவரை அவளும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. ஃபோன் செய்ய ஏதாவது விஷயம் வேண்டியிருக்கிறது. சாய் ஆச்சா என்று கேட்க யார் ஃபோன் செய்வார்கள்?