அண்ணாவின் கலப்புக் கோதுகள்

எங்கள் அண்ணா பருத்தித்துறையில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். எங்களைப் பெற்ற ஐயா இளவயதிலேயே காலமானதால் வீட்டுப் பாரம் முழுவதும் அவர் தலையில் விழுந்தது. படிப்பை விட்டுக் கடை நடத்தினார். எங்கள் எல்லோரையும் கரைசேர்த்துவிட்டுக் கடைசியாகத்தான் லண்டன் வந்தார். விமான நிலையத்துச் சரக்குப் பகுதியில் ஷிப்ட் வேலை, ஹவுன்ஸ்லோவில் ஒற்றை அறை, பின்னர் ரெய்னர்ஸ் லேனில் சொந்த வீடு. திருமணம் செய்துகொள்ளவில்லை. நான் அவருடைய கடைசித் தங்கை. எதையும் லேசில் நம்பாதவள் என்று நம் உறவினர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆகவே இந்த நினைவு மலரில் அண்ணாவின் கராஜைப் பற்றி நான்தான் எழுத வேண்டும்.

ஓய்வு பெற்றதும் அண்ணா ஒரு துப்பாக்கிச் சுடும் கிளப்பில் சேர்ந்தார். இந்த நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் நீளக் குழல் ரிவோல்வர் ஒன்றை வாங்கினார். பொலிஸார் வீட்டுக்கு வந்து பார்த்துத்தான் அனுமதிப் பத்திரம் கொடுத்தார்கள். அவர்களுக்குத் திருப்தி, எனக்கு இல்லை. சண்டைக் காலத்தில் ஊரில் ஒரு வெறும் தோட்டாக் கோது சட்டைப் பையில் அகப்பட்டாலே ஆமிக்காரர் ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். அங்கிருந்து உயிர் தப்பி வந்தவர், இங்கே சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளை வாளியில் அள்ளி வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"அண்ணை, உந்தக் கராஜுக்குள்ள இருந்து என்ன செய்யிறியள்?"

"கோது பிரிக்கிறன், பிள்ளை."

"பிரிச்சு?"

"கழுவுறன்."

"கழுவி?"

"திரும்பவும் பிரிக்கிறன்."

இப்படிப் பதில் சொல்கிறவரை எப்படி நம்புவது?

அந்த நாட்களில்தான் என் மகள், தன்னோடு படித்த ஒருவரைக் கட்டப் போவதாகச் சொன்னாள். அந்தக் குடும்பத்தினர் எங்கள் பகுதி ஆட்கள் அல்லர், வேறு சாதி. ஐயா இல்லாத எங்கள் வீட்டில் அண்ணாவின் தலையசைப்பு இல்லாமல் எந்தக் கலியாணமும் நடந்ததில்லை. "மாமா நோ சொன்னா நான் போயிடுவன். பிறகு வர மாட்டன், அம்மா" என்றாள். சொன்னால் செய்கிற பிள்ளை. எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

அண்ணாவிடம் விஷயத்தைச் சொல்லப் போனேன். கராஜ் கதவு சற்றுத் திறந்திருந்தது. உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"கலப்பு எண்டா நான் தொடவே மாட்டன். அடியைப் பார்த்தால் என்ன சாதி எண்டு தெரியும்தானே. ஒண்டாச் சேர்த்தா நாளைக்கு வெடிக்கும்."

கதவைத் தட்டாமலே திரும்பி வந்துவிட்டேன். யாரோ முந்திக்கொண்டு வத்தி வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அதன்பின் அண்ணா மாம்பழப் பெட்டியோடு வந்தாலும் உளவு பார்க்க வந்ததாகத் தோன்றியது. "பிள்ளை ஏன் மெலிஞ்சு போனாள்?" என்று கேட்டதைக்கூட விசாரணையாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், போனில் சொன்னது என் மகளின் கலியாணத்தைப் பற்றியா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். அண்ணா விழுந்து விழுந்து சிரித்தார். கராஜுக்குக் கூட்டிப்போய் இரண்டு கோதுகளை என் உள்ளங்கையில் வைத்தார்.

"அகலம் ஒண்டுதான். இது கட்டை, இது நீட்டு. கொம்பனியும் வேறை. அடியில எழுத்துக் கிடக்கு, பார். வாய் வெடிச்சதெல்லாம் குப்பைக்கு. இதுகளைக் கலந்து திரும்ப வெடிமருந்து போட்டா என்ர கைதான் போகும்."

"அப்ப பிள்ளையின்ர விசயம்?"

"அதுக்கென்ன? அவளுக்குப் பிடிச்சிருக்குத்தானே."

கலியாணம் சிறப்பாக நடந்தது. மண்டபத்தை அண்ணாவே பிடித்துத் தந்தார். ஆனாலும் என் மனதில் ஒரு முள் கிடந்தது. வெள்ளைக்காரர் நிறைந்த கிளப்பில் கோதைப் பற்றித் தமிழில் யாரிடம் பேசினார்? நான் ஒட்டுக் கேட்டுவிட்டேன் என்று தெரிந்ததும் கதையைக் கோதுப் பக்கம் திருப்பிவிட்டாரோ? அவர் நோயில் விழுந்த பிறகு அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

இனி நன்றி சொல்ல வேண்டும். அண்ணாவின் இறுதி மாதங்களில் அவரைத் தூக்கிக் குளிக்கவார்த்த என் மருமகனுக்கு, சமைத்து அனுப்பிய அயலவர்களுக்கு, தாதியருக்கு, கிரியைகளை நடத்தித் தந்த ஐயருக்கு, தூர இடங்களிலிருந்து வந்து தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொருவரும் இருக்கிறார். அண்ணாவின் ரிவோல்வரையும் மற்றச் சாமான்களையும் சட்டப்படி ஒப்படைக்க உதவ, கிளப்பிலிருந்து ஒரு நண்பர் வீட்டுக்கு வந்தார். கோயம்புத்தூர்க்காரர், பொறியியலாளர். தமிழில் பேசியதும் நான் விடவில்லை. சாதி, கலப்பு என்று அண்ணா போனில் பேசியது உங்களோடா என்று கேட்டேன்.

"ஆமாங்க, எங்கிட்டதான். நான் எல்லாக் கோதையும் ஒண்ணாப் போட்டு வெச்சிருந்தேன், அதுக்குத் திட்டினாரு. அப்புறம் அதே போன்லயே கல்யாண மண்டபம் பத்திக் கேட்டாருங்க. 'தங்கச்சி இன்னும் வாய் திறக்கேல்லை, மகளின்ர முகத்தில கலியாணக் களை தெரியுது. அவள் வந்து கேட்க முன்னம் மண்டபத்தைப் பிடிச்சு வைக்க வேணும்'னு அவர் பாஷையிலயே சொன்னாரு."

இழவு வீட்டில் ஆறுதலுக்குச் சொல்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். எந்த மண்டபம் என்று கேட்டேன். சொன்னார். என் மகள் தாலி கட்டிக்கொண்ட அதே மண்டபம். செத்த வீட்டன்றுகூட அழாதவள், அவர் முன்னால் நின்று அண்ணை, அண்ணை என்று அழுதேன்.