மருந்து ஊற்றாத ஒரு மாடு

நான் நல்லவன் என்று யாராவது நினைத்திருந்தால் அந்த நினைப்பை இப்போதே விட்டுவிடலாம். ஒரு மனிதரைப் பழிவாங்க ஆறு வருடம் காத்திருந்தேன். வாய்ப்பு வந்தபோது விடவில்லை. அதற்காக இன்றுவரை வருந்தியதும் இல்லை.

ஜேர்மனியில் ஹம் நகருக்கு வெளியே, லிப்பே ஆற்றங்கரைப் புல்வெளிகளை ஒட்டிய பண்ணை ஒன்றில் எனக்கு வேலை. அங்கே பால்மாடு கிடையாது, எல்லாம் இறைச்சிக்கு வளர்க்கும் மாடுகள். கன்றுகள் தாயிடம் குடித்து வளரும், ஒருநாள் லொறியில் ஏறிப் போய்விடும். சைவக் குடும்பத்தில் பிறந்த எனக்கு முதல் வருடம் சோறே இறங்கவில்லை. பிறகு, இருக்கும்வரை அந்த மாடுகளை நன்றாகப் பார்ப்பதுதான் என் வேலை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

என் தங்கச்சி முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறாள். அவளுக்கு முப்பத்து நான்கு வயதானபோது பான் நகரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. இரண்டு தடவை சந்தித்துப் பேசினார்கள். அவளுக்குப் பிடித்திருந்தது. லேசில் முகம் மலராதவள், அந்த இரண்டு கிழமையும் கோப்பை கழுவும்போது பாட்டு முணுமுணுத்தாள். கலியாண எழுத்துக்கென்று ஒரு சேலையும் எடுத்து வைத்துவிட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் எங்களைப் பற்றி விசாரித்தது எங்கள் ஊர்க்காரர் ஒருவரிடம். எல்லாரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். யார் வீட்டில் என்ன நல்லகாரியம் என்றாலும் அவர் வாயைக் கேட்காமல் நடக்காது. அண்ணை திருவாய் மலர்ந்தாராம்: "பெட்டை நல்ல பிள்ளை. ஆனா தமையன் மாடு பாக்கிறவன் இல்லை, இறைச்சி பாக்கிறவன்."

மாப்பிள்ளையின் தாய் இதை ஒளிக்காமல் தொலைபேசியில் சொன்னார், குறை நினைக்க வேண்டாம் என்றார், வைத்துவிட்டார். தங்கச்சி அழவில்லை. சேலையைக் கடையில் திருப்பிக் கொடுக்க நான்தான் போனேன். அதன் பிறகு எந்தப் பேச்சுக்கும் அவள் சம்மதிக்கவில்லை. முணுமுணுப்பும் நின்றுவிட்டது. அந்த மனிதரைக் கோயிலில் அடிக்கடி காண்பேன். "எப்பிடித் தம்பி சுகம்?" என்று அவர் கேட்பார். நானும் சுகம் என்பேன்.

போன கார்த்திகையில், முதல் உறைபனி விழுந்த கிழமை, மாடுகளைப் புல்வெளியிலிருந்து கொட்டிலுக்கு ஏற்றினோம். அப்போதுதான் பூச்சி மருந்து கொடுப்பது வழக்கம். கோடை முழுக்க மேய்ந்த புல்லோடு புழுக்கள் குடலுக்குள் போயிருக்கும், சிலதுக்கு நெஞ்சுக்குள்ளும் இருக்கும், இருமும். கொட்டிலில் நெருக்கமாக நின்றால் சொறியும் பேனும் ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவும். குளிருக்கு முன்பே துடைத்துவிட வேண்டும். மாட்டை ஒவ்வொன்றாக இரும்புக் கூண்டுக்குள் விட்டு, நிறை பார்த்து, நிறைக்கு ஏற்ற அளவில் நீல மருந்தைத் தோளடியிலிருந்து வாலடி வரை முதுகில் ஊற்றுவோம். அது தோலுக்குள்ளால் இறங்கி வேலை செய்யும். முதலாளியம்மா நிறையை வாசித்துக் காது இலக்கத்தைப் பதிவார், நான் ஊற்றுவேன்.

மத்தியானம் திரும்பி, கடைசி மாடு மட்டும் மிச்சமாக இருந்தபோது ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் அண்ணை. பளபளவென்று சப்பாத்து, கையில் மூடி போட்ட இரண்டு பிளாஸ்டிக் வாளி.

நாளைக் காலை அவருடைய புது வீட்டுக்குக் குடிபூரலாம். கோசலமும் சாணகமும் கொண்டுவருவதாகச் சொன்ன ஆள் கைவிட்டுவிட்டாராம். இரண்டு பால்பண்ணைகளில் கேட்டுப் பார்த்தாராம், மூத்திரம் எதற்கு என்று வெள்ளைக்காரர்கள் ஒரு மாதிரிப் பார்த்துக் கதவைச் சாத்திவிட்டார்களாம். ஐயர் கோசலம் இல்லாமல் பஞ்சகவ்வியம் கூட்டமாட்டாராம், முகூர்த்தத்தை மாற்றவும் ஏலாதாம். என்னை விட்டால் வேறு யார் என்றார்.

மருந்து ஊற்றியாயிற்று, அண்ணை, பஞ்சகவ்வியம் வாயில் படுகிற சாமான், மருந்து போட்ட மாட்டிலிருந்து எடுக்க விடமாட்டார்கள் என்றேன். போத்தலைக் காட்டி, "Wartezeit" என்று எழுதியிருந்ததையும் வாசித்துக் காட்டினேன். மருந்து போட்ட பிறகு காத்திருக்க வேண்டிய அந்த நாட்கள் இறைச்சிக்கும் பாலுக்கும் மட்டும்தான், சாணகத்தைப் பற்றி அந்த இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. அதை நான் சொல்லவில்லை.

அவர் முகம் விழுந்தது. மருந்து போடாத மாடு ஒன்றாவது இல்லையா என்று கேட்டார். கூண்டுக்கு வெளியே நின்ற கபில நிறப் பசுவைக் காட்டினேன். பக்கத்தில் அதன் கன்று. கன்றோடு நிற்கும் பசு, குடிபூரலுக்கு இதைவிட என்ன வேண்டும். அண்ணை அந்த இடத்திலேயே கும்பிட்டார்.

"இது இறைச்சி மாடெல்லோ, அண்ணை?"

"என்ன தம்பி கதைக்கிறாய்? மாடு எண்டா மாடுதானே. லட்சுமியெல்லோ!"

ஆறு வருடத்துக்கு முன்பு இதே வாய் இதைச் சொல்லியிருந்தால் என் தங்கச்சிக்கு இன்று ஒரு குடும்பம் இருந்திருக்கும். ஆனாலும் ஒரு வழி விட்டேன், அதை மட்டும் என் கணக்கில் வையுங்கள். தொலைபேசியை எடுத்து நீட்டினேன்.

"வாளி நிறையத் தாறன். இப்ப சொன்னதை ஒருக்கா என்ர தங்கச்சிக்குச் சொல்லுங்கோ."

அவர் விழித்தார். "தங்கச்சிக்கோ? அவவுக்கும் இதுக்கும் என்ன?"

பான் சம்பந்தத்தை ஞாபகப்படுத்தினேன். அவர் சொன்ன சொல்லை அவருக்கே திருப்பிச் சொன்னேன். அண்ணை நெற்றியைச் சொறிந்தார். நடிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தார்.

"அப்பிடியோ சொன்னனான்? பேச்சுவாக்கில ஏதும் வந்திருக்கும், தம்பி. ஆர் இதையெல்லாம் ஞாபகம் வைச்சிருக்கினம்?"

வேண்டுமென்றே சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திராது. ஒரு மனுசியின் வாழ்க்கையை வெற்றிலைத் துப்பல் மாதிரித் துப்பிவிட்டு மறந்தும் போயிருக்கிறார். தொலைபேசியைப் பைக்குள் வைத்தேன். கதவைத் திறந்து பசுவைக் கூண்டுக்குள் விட்டேன். முதலாளியம்மா நிறையை வாசித்தார். அண்ணை என் பக்கத்தில்தான் நின்றார், வாளி மூடியைத் திறந்துகூட வைத்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, தோளடியிலிருந்து வாலடி வரை ஆற அமர ஊற்றினேன். நீலம் கோடாக இறங்கியது.

"இதுவும் முடிஞ்சுது, அண்ணை," என்றேன்.

அவர் மூடியைத் திரும்பப் போட்டு, வாளிகளைத் தூக்கிக்கொண்டு போனார். உங்கள் நண்பரா என்று முதலாளியம்மா கேட்டார். ஊர்க்காரர் என்றேன்.

தங்கச்சிக்கு உடனே சொல்லவில்லை. குடிபூரல் செய்தி முதலில் வரட்டும் என்று பொறுத்திருந்தேன். வந்தது. அண்ணை பூஞ்செடிக் கடையில் பையில் அடைத்து விற்கும் காய்ந்த மாட்டெருவை வாங்கி, சுடுதண்ணீரில் ஊறப்போட்டு வீட்டைச் சுற்றித் தெளித்தாராம். கோசலத்துக்கு என்ன செய்தார் என்று அவர் மனைவிக்கே தெரியாதாம். அந்த எரு எங்களைப் போன்ற பண்ணைகளிலிருந்துதான் போகிறது, அவர் தெளித்ததும் இறைச்சி மாட்டுடையதுதான். கண்ட கண்ட ஆட்களுக்கெல்லாம் நானே சொன்னேன், பான் வரைக்கும் போகட்டும் என்றே சொன்னேன்.

பிறகு ஒரு ஞாயிறு தங்கச்சியிடம் முழுவதையும் சொன்னேன். கோப்பை கழுவிக்கொண்டே கேட்டாள். "என்ர பேரையாவது சொன்னாரோ?" என்று கேட்டாள். இல்லை, அவருக்கு எதுவுமே ஞாபகமில்லை என்றேன். தண்ணீரை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"எவ்வளவு ஊத்தினனீங்கள்?"

நிறைக்கு அளவாகத்தான் என்றேன்.

"மாட்டுக்கு அது காணும், அண்ணா," என்றாள். "மிச்சத்தை அவற்ர தலையில ஊத்தியிருக்கலாம்."